மேசையில் ஒன்று, பட்டியலில் இரண்டு

“மூணு நாளாச்சு மேடம். கேபிள் இருக்கு, பெட்டி இருக்கு, பெட்டில விளக்கும் எரியுது. சிஸ்டம் மட்டும் அப்படி ஒண்ணு இல்லவே இல்லைங்குது,” என்றார் சவரிமுத்து.

ஷமீமா கையிலிருந்த போர்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“யாரைக் கேட்டீங்கண்ணே?”

“எல்லாத்தையும் பாத்துட்டேன்.”

“பாத்தது சரி. யாரைக் கேட்டீங்க?”

சவரிமுத்துவுக்குச் சுருக்கென்றது. ஐம்பத்து மூன்று வயது. திண்டுக்கல்லில் பாதிப் பேர் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்க்கும் முன்பே அதன் மூடியைக் கழற்றிப் பார்த்தவர். அவரைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி.

ஆனால் சீடராக வந்தவர் அவர்தான். சீடர் என்றதும் காவியும் கமண்டலமும் நினைவுக்கு வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. இவர் சட்டைப்பையில் இருந்தது ஒரு ஸ்க்ரூ டிரைவரும் பாதி வெற்றிலையும்தான். குருவுக்கு வயது முப்பத்தாறு. ஆசிரமம் என்பது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பலகைகூட மாட்டாத ஒரு மாடியறை. ஊரில் எல்லாரும் தூக்கிப் போடச் சொன்ன பெட்டிகள் கடைசியாக வந்து சேரும் இடம் அது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தான் கைவிட்ட ஒரு மதர்போர்டை அங்கே கொண்டு வந்தார் சவரிமுத்து. ஷமீமா அதை அரைமணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரே ஒரு இடத்தைத் தொட்டாள். அது எழுந்துவிட்டது.

மறுநாள் காலையில் அவர் வெறுங்கையோடு வந்து நின்றார்.

“என்ன வேணும்ண்ணே?”

“கத்துக்கணும்.”

“நீங்க எனக்கு முன்னாடியே இந்தத் தொழில்ல இருக்கீங்களே.”

“அதாம்மா சிக்கல்.”

அவள் சிரிக்காமல் இன்னொரு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். அன்றிலிருந்து அவர் அவளை மேடம் என்றும், அவள் அவரை அண்ணே என்றும் கூப்பிடுகிறார்கள். கேட்பவர்களுக்குத்தான் குழப்பம்.

“யாரோட சிஸ்டம்?” என்று கேட்டாள் இப்போது.

“கோதண்டபாணின்னு ஒருத்தர். ரிட்டையர்டு. அவர் சம்சாரத்துக்கு உடம்பு சுத்தமா அசையாது. வாய் பேச வராது. வலது கன்னம் மட்டும் லேசா அசையும். கன்னத்துல ஒரு பட்டனை ஒட்டி வச்சிருக்காங்க. ஸ்க்ரீன்ல எழுத்தெல்லாம் வரிசை வரிசையா மின்னிக்கிட்டே போகும். வேணுங்கிற எழுத்து வர்றப்ப அந்தம்மா கன்னத்தால அழுத்தும். அப்படியே ஒவ்வொரு எழுத்தா சேத்து எழுதும்.”

“எவ்வளவு நாளா?”

“பதினோரு வருஷமா.”

ஷமீமாவின் கை நின்றது.

“அந்தப் பட்டனைக் கம்ப்யூட்டரோட சேக்குறது யாரோ காலேஜ் பிள்ளைங்க செஞ்சு குடுத்த பெட்டியாம். பழைய விண்டோஸ் எக்ஸ்பிலதான் ஓடும். பின்னாடி ஒன்பது முள்ளு போர்ட்டுல சொருகணும். ஞாயித்துக்கிழமை கரண்ட் போயிட்டு வந்திருக்கு. அதிலருந்து ‘ஸ்விட்ச் இணைக்கப்படவில்லை’ன்னே வருது. கேபிள் மாத்திட்டேன். போர்ட்டை செக் பண்ணிட்டேன். டிரைவரை எடுத்துட்டுத் திரும்பப் போட்டேன். மவுஸ்கூட மூணு மாத்திட்டேன்.”

“மவுஸ் எதுக்கு?”

“அது அப்பப்ப துள்ளுது மேடம். அம்புக்குறி தானா ஒரு மூலைக்கு ஓடுது. அது வேற கம்ப்ளைன்ட்.”

“இப்ப என்ன செய்யப் போறீங்க?”

“வேற வழியில்ல. பார்மட் அடிச்சிரலாம்னு சொல்லிட்டேன். சிடி உள்ளதான் இருக்கு. சாப்பிட்டுட்டு வந்து போடுறேன்னு சொல்லிட்டு வந்தேன்.”

இந்தத் தொழிலில் அப்படி ஒரு வழக்கம். எதுவும் புரியவில்லை என்றால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாதி ஊர் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

“அவங்க எழுதினதெல்லாம்?”

“மை டாக்குமென்ட்ஸ் பாத்தேன், டி டிரைவ் பாத்தேன். ரெண்டும் காலி. போறதுக்கு ஒண்ணுமே இல்ல மேடம்.”

ஷமீமா சால்டரிங் கோலை அதன் ஸ்டாண்டில் வைத்தாள். ஸ்விட்சை அணைத்தாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு செருப்பைத் தேடினாள்.

“நீங்க சாப்பிட்டீங்களா?” என்றாள்.

“இன்னும் இல்ல.”

“அப்ப வந்து சாப்பிட்டுக்கலாம்.”

*

கோதண்டபாணி கதவைத் திறந்தார். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம்.

“வாங்க சார். வாம்மா,” என்றவர் உள்ளே நடந்தபடியே பேசத் தொடங்கிவிட்டார். பேச ஆள் கிடைக்காமல் இருந்தவர் போல.

“ஆமான்னா கண்ணை மேல தூக்குவா. இல்லைன்னா மூடிக்குவா. நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன். தண்ணி வேணுமா, பசிக்குதா, முதுகு வலிக்குதா, ஃபேனைக் குறைக்கவா. எல்லாத்துக்கும் மூடிக்கிறா. இருபது கேள்விக்கு மேல எனக்குக் கேள்வியே தீந்துபோகுதும்மா. அவளுக்கு என்னமோ சொல்லணும். எனக்கு அதைக் கேக்கத் தெரியல.”

அறையில் சாய்வுக் கட்டிலில் திலகவதி இருந்தார். நரைத்த தலைமுடி இறுக்கிப் பின்னப்பட்டிருந்தது. ஒரு காலத்தில் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் டீச்சர். வகுப்பில் பென்சில் விழுந்தால் யார் பென்சில் என்று திரும்பாமலே சொல்வார் என்று கோதண்டபாணி சொல்லி வைத்திருந்தார். கன்னத்தில் அந்தப் பட்டன் ஒட்டியபடியே இருந்தது. வேலை செய்யாவிட்டாலும் அதை எடுக்கக் கோதண்டபாணிக்கு மனம் வரவில்லையாம்.

மானிட்டர் சவரிமுத்து உட்காரும் நாற்காலியைப் பார்த்தபடி இருந்தது. வந்த முதல் நாளே வேலைக்குத் தோதாக அவர்தான் அதைத் திருப்பி வைத்திருந்தார்.

ஷமீமா சிபியூவின் பக்கம் போகவில்லை. மானிட்டரை இரண்டு கையாலும் பிடித்துக் கட்டிலைப் பார்க்கத் திருப்பினாள். ஒரு ஸ்டூலை இழுத்துத் திலகவதியின் முகத்துக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள்.

“டீச்சர், என் பேரு ஷமீமா. பழைய கம்ப்யூட்டர் பாப்பேன்.”

திலகவதி அவளையே பார்த்தார்.

“உங்க எழுத்தெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கா?”

கண்கள் மேலே போயின. போனவை இறங்கவே இல்லை.

“நிறையவா?”

மறுபடியும் மேலே.

கோதண்டபாணி திகைத்துப் போனார். “என்கிட்ட லெட்டர் எழுதுறேன்னுதான் சொன்னா. பொண்ணுக்கு.”

ஷமீமா எழுந்து, எழுத்துகளை மின்னவைக்கும் அந்த எழுத்துப் பலகை நிரலின் உள்ளே போனாள். அடுக்கின் அடியில் ஒரு கோப்புறை. அதற்குள் இன்னொன்று. சவரிமுத்து பார்க்காத இடம். பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றாத இடம். உள்ளே இருந்த கோப்பு ஒன்றைத் திறந்தாள்.

பிளஸ் டூ வேதியியல், தமிழில். இருநூற்றுப் பதினொரு பக்கம். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் ஒரு வாக்கியத்தின் பாதியில் நின்றிருந்தது. தேதி, கரண்ட் போன ஞாயிற்றுக்கிழமை.

ஒரு கன்னம். ஒவ்வொரு எழுத்தாக. இருநூற்றுப் பதினொரு பக்கம்.

சவரிமுத்துவுக்கு உடம்பு சிலிர்த்தது. சட்டென்று டிரைவைப் பார்த்தார். சிடி இன்னும் டிரைவுக்குள்தான் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு பொத்தான், ஒரு மதிய சாப்பாடு, இவ்வளவுதான் இடையில் இருந்தது.

அவர் குனிந்து சிடியை வெளியே எடுத்துத் தன் பைக்குள் வைத்தார்.

“அண்ணே, சாதனப் பட்டியலைத் திறங்க,” என்றாள் ஷமீமா.

திறந்தார். கம்ப்யூட்டர் தன்னோடு சேர்ந்திருப்பது யார் யார் என்று எழுதி வைத்திருக்கும் பட்டியல் அது. மூன்று நாளில் அதை முப்பது தடவை பார்த்திருப்பார்.

“மேசைல எத்தனை மவுஸ் இருக்கு?”

“ஒண்ணு.”

“பட்டியல்ல?”

“ரெண்டு. அது நான் மாத்தி மாத்திப் போட்டதுல பழசு ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கும் மேடம். எக்ஸ்பில சகஜம்.”

“பழசுன்னா மங்கலா இருக்கும். இல்ல, கண்ணுலயே படாது. இது நல்லா பளிச்சுன்னு உசுரோட இருக்கே.”

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இரண்டாவது மவுஸ் பளிச்சென்றுதான் இருந்தது.

“இதைக் கழட்டுங்க.” மேசை மேலிருந்த மவுஸைக் காட்டினாள்.

கழற்றினார். பட்டியலில் ஒன்று போயிற்று. இன்னொன்று அப்படியே இருந்தது. மேசையில் இப்போது எதுவுமில்லை.

“இந்த மவுஸ் யாரு?”

சவரிமுத்து சிபியூவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். கீபோர்டு ஒயர், மானிட்டர் ஒயர், கரண்ட் ஒயர். அப்புறம் அந்த ஒன்பது முள்ளில் சொருகியிருந்த கேபிள். அதைக் கண்ணாலேயே தடவிக்கொண்டு போனார். மேசைக் காலைச் சுற்றி, தரையில் கொஞ்ச தூரம், கட்டில் காலில் ஏறி, விளக்கு எரிந்த அந்தச் சின்னப் பெட்டி வழியாக, தலையணை ஓரமாக.

கேபிள் திலகவதியின் கன்னத்தில் போய் முடிந்தது.

அவர் நிமிரவில்லை. நிமிர முடியவில்லை.

“டீச்சர், ஒரு தடவை அழுத்துறீங்களா?” என்றாள் ஷமீமா.

கன்னம் அசைந்தது. ஒரு உளுந்து அளவுக்குத்தான் அசைந்தது.

யாருமே தொடாத அம்புக்குறி திரையின் நடுவிலிருந்து மேல் மூலைக்குத் துள்ளியது.

“இன்னொரு தடவை.”

துள்ளியது.

கோதண்டபாணி வாயைப் பொத்திக்கொண்டார்.

ஷமீமா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “பழைய சிஸ்டத்துக்கு ஒரு குணம் உண்டுண்ணே. ஒரு காலத்துல மவுஸெல்லாம் அந்த ஒன்பது முள்ளுலதான் வரும். அதனால எழுந்திரிக்கிறப்பவே அங்க திரும்பி, மவுஸ் யாராவது இருக்கீங்களான்னு ஒரு குரல் குடுக்கும். அந்த நேரம் பாத்து அந்தப் பக்கத்திலருந்து என்ன சத்தம் வந்தாலும் சரி, ஓ மவுஸுதான்னு எழுதி வச்சிக்கும். அப்புறம் வேற யாரு கேட்டாலும் அந்தக் கதவைத் திறக்காது.”

“ஞாயித்துக்கிழமை கரண்ட் வந்தப்ப நான் மாடில துணி எடுத்துக்கிட்டிருந்தேன்,” என்றார் கோதண்டபாணி. “எப்பவும் மிஷின் எழுந்து உக்காந்தப்புறம்தான் பட்டனை ஒட்டுவேன். அன்னைக்கு ஒட்டியே இருந்துச்சு. இவ என்னைக் கூப்பிட்டிருப்பா.”

திலகவதியின் கண்கள் மேலே போயின.

சவரிமுத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று நாளையும் மனசுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தார்.

“மேடம்.”

“சொல்லுங்கண்ணே.”

“அம்புக்குறி மூணு தடவை ரொம்ப மோசமாத் துள்ளுச்சு. அப்பத்தான் மூணு தடவையும் மவுஸ் மாத்தினேன்.”

“எப்பல்லாம்?”

அவர் விரல்விட்டு எண்ணினார்.

“முதல் நாள், பார்மட் அடிச்சிரலாம்னு சார்கிட்ட சொன்னப்ப. நேத்து, உள்ள ஒண்ணுமே இல்லைன்னு சொன்னப்ப. இன்னைக்குக் காலைல, சிடியை உள்ள தள்ளினப்ப.”

ஷமீமா அந்தக் கன்னத்துப் பட்டனைப் பார்த்தாள்.

“ஒவ்வொரு தடவை ரீஸ்டார்ட் பண்றப்பவும் இவங்க அழுத்தியிருப்பாங்க,” என்றாள் ஷமீமா. “நிறுத்துன்னு. நீங்க ரீஸ்டார்ட் பண்ணப் பண்ண, அது மவுஸ் மவுஸ்னே எழுதிக்கிட்டிருந்திருக்கு.”

சவரிமுத்து இந்தத் தொழிலில் எவ்வளவோ பார்த்தவர். இடி விழுந்த பெட்டியைப் பார்த்திருக்கிறார். எறும்பு கூடு கட்டிய பெட்டியைப் பார்த்திருக்கிறார். ஆனால் மூன்று நாளாக ஒரு மனுஷி தன் எதிரிலேயே இருந்து கத்திக்கொண்டிருந்ததையும், அந்தக் கத்தல் தன் கைக்கடியில் இருந்த அம்புக்குறியை ஆட்டிக்கொண்டிருந்ததையும், தான் அதைக் கோளாறு என்று நினைத்து மவுஸை மாற்றிக்கொண்டே இருந்ததையும் அவரால் தாங்க முடியவில்லை. அதைவிட அந்த அம்மா சளைக்கவில்லை என்பதுதான் அவரை உலுக்கியது. உளுந்தளவு அசைவை வைத்துக்கொண்டு மூன்று நாள் விடாமல் போராடியிருக்கிறார்.

ஷமீமா பட்டியலில் அந்த இரண்டாவது மவுஸை நீக்கினாள். இனி எழுந்திரிக்கும்போது கம்ப்யூட்டர் மறுபடியும் குரல் கொடுக்கும். அந்த ஒரு நிமிடம் அந்தப் பக்கம் சத்தம் வரக் கூடாது.

“பட்டனைக் கழட்டிரவா மேடம்?” என்று எழுந்தார் சவரிமுத்து.

“வேண்டாம். அவங்ககிட்டயே இருக்கட்டும்.”

அவள் மறுபடியும் ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள்.

“டீச்சர், இது எழுந்திரிக்கிற வரைக்கும் ஒரு நிமிஷம் அழுத்தாம இருக்கணும். முடியுமா?”

மூன்று நாளாக வாயடைத்துக் கிடந்தவரிடம் போய் ஒரு நிமிடம் சும்மா இருக்க முடியுமா என்று கேட்கிறாள். கோதண்டபாணிக்கே கோபம் வந்திருக்கும். ஆனால் திலகவதியின் கண்ணோரத்தில் ஒரு சுருக்கம் விழுந்தது. பதினோரு வருடமாக அதைப் படித்துப் பழகியவர் அவர்.

“சிரிக்கிறாம்மா,” என்றார்.

கண்கள் மேலே போயின.

ஷமீமா கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போட்டாள்.

கறுப்புத் திரை. வெள்ளை எழுத்து வரிகள். பிறகு அந்தப் பழைய கொடிச் சின்னம், கீழே ஓடும் நீலப் பட்டை. ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. சவரிமுத்து அந்தப் பட்டையை ஆயிரக்கணக்கான தடவை கொட்டாவி விட்டபடி பார்த்திருக்கிறார். இன்று மூச்சுவிடாமல் பார்த்தார். நடுவில் ஒரு தடவை கட்டிலைப் பார்த்தார். அந்தக் கன்னம் கல் மாதிரி அசையாமல் இருந்தது. அப்படி வைத்திருப்பதற்கும் பலம் வேண்டும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

திரையில் பச்சை மலையும் நீல வானமும் வந்தன.

ஷமீமா எழுத்துப் பலகையைத் திறந்தாள். ‘ஸ்விட்ச் தயார்’ என்றது அது.

கோதண்டபாணி அழத் தொடங்கினார். சத்தமாகவே அழுதார். யாரும் தடுக்கவில்லை.

எழுத்து வரிசைகள் ஒன்றன் கீழ் ஒன்றாக மின்னத் தொடங்கின. உயிரெழுத்து வரிசை. அடுத்த வரிசை. அதற்கடுத்தது.

ஷமீமா எழுந்துகொண்டாள். காலியான ஸ்டூலைப் பார்த்து சவரிமுத்துவிடம் தலையை அசைத்தாள்.

அவர் தயங்கினார். பிறகு போய் உட்கார்ந்தார். மூன்று நாளில் முதல் முறையாக அந்த முகத்தை இவ்வளவு அருகில் பார்த்தார். தெளிவான, கறாரான கண்கள். எந்த மாணவனும் அந்தக் கண்களிடம் பொய் சொல்லியிருக்க முடியாது.

“அம்மா,” என்றார். பிறகு திருத்திக்கொண்டார். “டீச்சர். தப்பு என்னோடது. திட்டணும்னா திட்டுங்க. எவ்வளவு நேரமானாலும் சரி, உக்காந்து கேட்டுக்கிறேன்.”

கன்னம் அசைந்தது. ஒரு வரிசை நின்றது. மறுபடியும் அசைந்தது. திரையில் ஒரு எழுத்து விழுந்தது.

உ.

அவர் காத்திருந்தார். வரிசைகள் மறுபடி மேலிருந்து வந்தன. ஒரு தடவை வேண்டிய எழுத்து தாண்டிப்போய்விட்டது. அதற்காகத் திலகவதி மொத்தச் சுற்றும் பொறுத்திருந்தார். முகத்தில் எரிச்சல் இல்லை. சவரிமுத்து அடுத்த எழுத்துக்காகத் திரையையே பார்த்தார். உதவாக்கரையா, உருப்படாதவனா, எதுவாக இருந்தாலும் தனக்கு உரியதுதான் என்று இருந்தார்.

ங்.

க.

ள்.

வெளியே காய்கறி வண்டிக்காரர் விலை கூவிக்கொண்டு போனார். கோதண்டபாணி மூக்கைச் சிந்திக்கொண்டு அருகில் வந்து நின்றார். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். பத்து நிமிடம்கூட இருக்கலாம். கடைசி எழுத்து விழுந்ததும் கன்னம் ஓய்ந்தது.

திரையில் இருந்தது ஒரே ஒரு வரி.

உங்கள் பெயர் என்ன?